பானையா, கிணறா? வலிகாமத்து வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

நான் முதல் நாள் போனபோது அந்த மண்பானை வேலிக் கதியால் ஒன்றில் கவிழ்ந்து கிடந்தது. காகம் ஒன்று அதன்மேல் இருந்து அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. அம்மம்மா அந்தப் பக்கம் பார்க்காமலே பேசினார்.

"ஆசுப்பத்திரியிலை சொல்லிப்போட்டினம் பிள்ளை, இனிப் பழஞ்சோறு குடுக்க வேண்டாமாம். என்ரை பானைதானாம் பிள்ளையளுக்கு வயித்தாலை போக வைக்குது."

வீடு இருப்பது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், உரும்பிராய்க்கும் நீர்வேலிக்கும் நடுவில், செம்மண் தோட்டங்களுக்குள். அம்மம்மா, அவருடைய மகள், மருமகன், ஆறு வயதுப் பையன், நான்கு மாதக் கைக்குழந்தை என ஐந்து பேர். மருமகன் வெங்காயமும் வாழையும் செய்கிறார். கார்த்திகை மாரி தொடங்கி ஆறு கிழமைக்குள் வயிற்றோட்டம் அந்த வீட்டை மூன்று முறை சுற்றி வந்துவிட்டது. முதலில் பையன், பிறகு தகப்பன், மறுபடி பையன், கடைசியில் அம்மம்மா. குழந்தைக்கும் இடையிடையே தண்ணீராகப் போனது. நான் படித்தது நுண்ணங்கியியல். இப்போது செய்வது வீட்டுக் கிணறுகளையும் வீட்டு உணவுகளையும் சோதிக்கிற வேலை. அந்த வீட்டார் எழுதச் சம்மதித்தார்கள், பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்தப் பானைதான். புளித்த உணவில் கிருமி இருக்கிறது, அதனால் வயிற்றோட்டம் வந்தது என்ற முடிவு கேட்பதற்குச் சரிபோலவே இருக்கும். கிருமி இருப்பது உண்மை. ஒரு சிரட்டை பழந்தண்ணியில் ஊர்ச் சனத்தொகையைவிடப் பன்மடங்கு பற்றீரியா இருக்கும். ஆனால் இருப்பது யார், அவர்களுக்குச் சாப்பாடு போடுவது யார் என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

நோயின் கதை

பையனுக்கு முதல் தடவை வந்தபோது மருந்துக்கடை ஒன்றில் வைத்தியரின் துண்டு இல்லாமலே அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாளில் நின்றது, ஐந்தாம் நாள் திரும்பியது. தண்ணீராகப் போகிற வயிற்றோட்டத்தில் பெரும்பாலானதற்கு அன்டிபயோட்டிக் தேவையே இல்லை. குடலில் ஏற்கெனவே குடியிருக்கிற நல்ல பற்றீரியாக்களையும் அது சேர்த்து அடிக்கிறது. அது வெறுமையாக்கிய இடத்தில் வெளியிலிருந்து வருகிறவர்கள் இலகுவாகக் குந்திக்கொள்வார்கள். பிள்ளைக்குத் தேவைப்பட்டது ஜீவனி. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் சேர்ந்து சொன்னதும் இதைத்தான்: உப்பும் குளுக்கோசும் அளவாகச் சேர்ந்த கரைசலோடு 10 முதல் 14 நாள் நாகச் (சிங்க்) சத்து. குளுக்கோசு குடற்சுவருக்குள் போகும்போது சோடியத்தையும் கையில் பிடித்துக்கொண்டு போகும், அதன் பின்னால் தண்ணீர் போகும். அம்மம்மாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஆனாலும் உப்புப் போட்ட கஞ்சியை விடாமல் கொடுத்திருக்கிறார்.

பழஞ்சோறுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ள ஒரு நியாயமும் இருந்தது. காலமை பழஞ்சோறு சாப்பிட்டவர்களுக்குத்தான் வந்தது. மகள் பள்ளிக்கூட ஆசிரியை. அவசரத்தில் பாணைத் தின்றுவிட்டு ஓடுகிறவர். அவருக்கு ஒரு தடவையும் வரவில்லை. குழந்தை பழஞ்சோறு சாப்பிடுவதில்லை என்பதை மட்டும் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

பானைக்குள் நடப்பது

அம்மம்மாவின் முறையை ஒரு இரவு முழுக்க இருந்து பார்த்தேன். கதியாலில் கிடந்த பானையை எடுக்கச் சொன்னதும் அவருக்கு வந்த சந்தோசத்தை எழுதி முடியாது. சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேய்த்தார். சவர்க்காரம் கிட்டவும் வரக்கூடாது. சோறு பின்னேரம் ஆறு மணிக்கு வடித்தது, நல்ல மொட்டைக்கறுப்பன் அரிசி. இராச் சாப்பாடு முடிந்து மிஞ்சியதை ஒன்பது மணிக்குப் பானையில் போட்டு, கேத்தலில் கொதித்து ஆறின தண்ணீரை நாலு விரற்கடை மேலே நிற்கிற மாதிரி ஊற்றினார். குழந்தை பிறந்த நாள் தொடக்கம் இரவில் கேத்தல் தண்ணீர்தான் என்றார். பிறகு செய்ததுதான் விசயம். பக்கத்து வீட்டில் ஒரு சின்னக் கோப்பையில் கேட்டு வாங்கி வைத்திருந்த முதல்நாள் பழந்தண்ணியில் ஒரு அகப்பை எடுத்துப் பானையில் விட்டார்.

"இதில்லாட்டி விடியப் புளியாது. எங்கடை பானையாயிருந்தா அடித்தண்ணி கொஞ்சம் விட்டுவைப்பன். நாள்க்கணக்கா வெயிலிலை காய்ஞ்சு போச்சுது, அதான் கடன் வாங்கினான்."

தயிருக்கு உறை விடுவது போலத்தான் இது. லியூகோநொஸ்டொக், லக்டோபசிலஸ் போன்ற லக்ரிக் அமிலப் பற்றீரியாக்கள் அந்த அகப்பையில் பெருந்தொகையாக இருக்கும். பானையின் நுண்துளைகளிலும் குடியிருக்கும். சோற்றில் கரைந்து வருகிற சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுவார்கள். அமிலம் ஏறஏற மற்றவர்களுக்கு அந்த இடம் ஒவ்வாது. அவித்த சோற்றில் எப்போதும் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பசிலஸ் சீரியஸ் என்ற மண் பற்றீரியாவின் வித்திகள் கொதியிலும் சாகாமல் தப்பும். சோறு அறைச் சூட்டில் கிடந்தால் முளைத்துப் பெருகும். அது விடுகிற வாந்தி நஞ்சு 121 பாகை செல்சியசில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது, திரும்பச் சூடாக்கிப் பயனில்லை. ஆகவே இது ஒரு ஓட்டப்பந்தயம். அமிலம் முந்த வேண்டும். அம்மம்மாவின் அகப்பை நல்ல அணியைப் பல அடி முன்னுக்கு நிறுத்திவிட்டு ஓட விடுகிறது.

விடிய ஐந்து மணிக்கு அமிலத்தை அளக்கிற பி.எச். தாளைத் தோய்த்துப் பார்த்தேன். அதில் எண் குறையக் குறைய அமிலம் கூட. 4க்கும் 5க்கும் நடுவில் நின்றது. இரவு வைக்கும்போது 6க்கு மேல். பக்கத்தில் நான் ஒப்பிட வைத்த பிளாஸ்டிக் டப்பாவில், அதே சோறு, அதே கேத்தல் தண்ணீர், அகப்பை மட்டும் இல்லை. அது 6ஐ விட்டு அசையவே இல்லை. மணமும் வேறு. பானையில் தயிர் போல ஒரு மெல்லிய புளிமணம், டப்பாவில் ஈரத்துணி மணம். கண்ட பாத்திரத்தில், உறை இல்லாமல், மத்தியானம் வடித்த சோற்றை ஊற வைத்துவிட்டு அதையும் பழஞ்சோறு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் சாப்பிட வேண்டாம் என்று வைத்தியர் சொன்னால் நான் முதல் ஆளாகத் தலையாட்டுவேன்.

சரி, பானை சுத்தம் என்றால் வயிற்றோட்டம் எங்கிருந்து வந்தது? அன்று காலை ஆறரை மணிக்கு, என் கண்ணுக்கு முன்னாலேயே அது நடந்தது.

பையன் பள்ளிக்கூட உடுப்போடு வந்து குந்தினான். அம்மம்மா சோற்றைக் கையால் பிசைந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி எல்லாம் சேர்த்தார். பையன் வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "புளிக்குது." தகப்பன் சிரித்தபடி சிரட்டையை எடுத்துப் போய்க் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்து ஊற்றினார். தனக்கும் ஊற்றிக்கொண்டார். அம்மம்மா தன் பங்கையும் நீட்டினார்.

கேத்தல் தண்ணீர் இரவுக்கு மட்டும். காலையில் ஊற்றுவது குழாய்த் தண்ணீர். அது கிணற்றிலிருந்து மோட்டரில் ஏறி, கூரைமேல் தாங்கியில் நின்று வருவது. இரவு முழுக்கப் பானைக்குள் நடந்த வேலைக்கு அந்தத் தண்ணீர் உட்படவே இல்லை. ஊற்றி இரண்டு நிமிடத்தில் வயிற்றுக்குள் போய்விடுகிறது.

அன்றைக்கே மாதிரிகளை எடுத்தேன். தண்ணீருக்கு ஐதரசன் சல்பைட்டுப் போத்தல். இந்தியாவில் மாஞ்சாவும் கூட்டாளிகளும் 1982இல் வெளியிட்ட எளிய சோதனை. போத்தலுக்குள் மருந்தில் தோய்த்த ஒரு தாள்த் துண்டு இருக்கும். தண்ணீரை விட்டு, வெளிச்சம் படாத இடத்தில் வைத்துவிட்டால், மலத்தோடு சேர்ந்து திரிகிற பற்றீரியாக்கள் இருந்தால் ஒரு நாளில் மை போலக் கறுக்கும். புளித்த தண்ணீரில் இதை நம்ப முடியாது, அமிலமே கறுப்பைத் தடுத்துவிடும். அதனால் பானை மாதிரிகளை ஆய்வுகூடத்துக்கு எடுத்துப்போய், மலத்தோடு வருகிற ஈ.கோலை என்ற பற்றீரியாவுக்கான தட்டில் வளர்த்தேன். கறுத்த போத்தல்களையும் அப்படியே தட்டில் உறுதி செய்தேன். நிலத்தடி நீரில் மலத்தோடு தொடர்பில்லாத சில பற்றீரியாக்களும் கறுப்பு உண்டாக்கும் என்பதால் அந்த இரண்டாம் வேலையை விடக்கூடாது.

காலை ஐந்து மணிப் பானையில் ஈ.கோலை இல்லை. குழாய்த் தண்ணீர் கலந்த சிரட்டையில் இருந்தது. குழாயில் இருந்தது. தாங்கியில் இருந்தது. கிணற்றில் வாளி விட்டு அள்ளியதிலும் இருந்தது. குடிநீர் என்றால் 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அமிலம் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஷிகெல்லா என்ற வயிற்றுளைவுக் கிருமி அமிலத்தைத் தாங்கும், நூறுக்கும் குறைவான கலங்கள் போதும் ஒருவரைக் கிடத்த. இரவே அசுத்தத் தண்ணீர் விட்டிருந்தால் பானையையும் நான் சந்தேகித்திருப்பேன்.

கிணற்றடி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கை ஆறு மாரியில் ஓடும், கோடையில் தடம் மட்டும் கிடக்கும். குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீர்தான். கீழே இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து வெடிப்பும் குகையுமாக ஆக்கி வைத்திருக்கிறது. மழைநீர் கடல்நீருக்கு மேலே ஒரு மெல்லிய வில்லை போல மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது இதனால்தான்.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இருந்தால் போதும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். மண் நன்றாக இருக்கிற இடத்தில் அந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. மண் வெறும் வடிகட்டி இல்லை. அங்கே மலப் பற்றீரியாவைப் பிடித்துத் தின்கிற ஓரணு விலங்குகள் இருக்கின்றன, உணவுக்குப் போட்டி போடுகிற மண் பற்றீரியாக்கள் இருக்கின்றன, ஒட்டிப் பிடிக்கிற களி இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவன் அந்தக் கூட்டத்துக்குள் நாள்க்கணக்கில் தாக்குப்பிடிக்க மாட்டான். ஆனால் தண்ணீர் மண்ணைத் தொடாமல் நேரே கல்வெடிப்புக்குள் இறங்கினால் 50 அடியும் ஒன்றுதான், 500 அடியும் ஒன்றுதான்.

வீட்டாரின் சந்தேகம் வேலிக்கு அந்தப் பக்கத்துக் குழிமேல். எல்லைச் சண்டை ஒன்று ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது, அதற்கு இதுவும் விறகாகப் போயிருக்கும். அந்த வீட்டு அக்காவிடம் போய் விசயத்தைச் சொன்னேன். முகம் இறுகினாலும் "பாருங்கோ, எனக்கும் தெரியத்தானே வேணும்" என்றார். அவருடைய மலசலகூடத்தில் ஃபுளோரசீன் என்ற மினுங்கும் சாயம் கரைத்து ஊற்றினோம். சுண்ணாம்புக்கல் நாட்டில் தண்ணீரின் வழியைத் தேட இதைவிடப் பழைய, நம்பிக்கையான வழி இல்லை. ஜெர்மனியில் 1877இல் டானியூப் ஆறு நிலத்துக்குள் மறைகிற இடத்தில் 10 கிலோ ஃபுளோரசீனைக் கொட்டினார்கள். 12 கிலோமீற்றர் தள்ளி ஆக் ஊற்று சுமார் 60 மணித்தியாலத்தில் பச்சையாக ஓடியது.

மூன்று நாளும் கிணற்றில் வாளி விட்டு, கடைக்காரர் கள்ளநோட்டுப் பார்க்கிற நீல விளக்கால் அடித்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. அதற்காக அந்தக் குழி என்றைக்கும் பிழையில்லை என்று சொல்லவும் முடியாது, தண்ணீர் ஓடும் திசை பருவத்துக்குப் பருவம் மாறும். அந்தக் கிழமைக்கு அது காரணமில்லை, அவ்வளவுதான். வீட்டாரின் மலசலகூடமும் அப்படியே.

மூன்றாம் நாள் பின்னேரம் கிணற்றுக் கட்டில் இருந்தபோது என் கண் வாழையில் போய் நின்றது. ஒரே ஒரு பற்றை, மற்ற வாழைகளைவிட இரண்டு மடங்கு மொத்தம், இலை கரும்பச்சை. துவைகல்லில் இருந்து ஒரு சின்ன வாய்க்கால் அதன் அடிக்குப் போனது. யாழ்ப்பாணத்தில் இது எல்லா வளவிலும் உள்ளதுதான், கிணற்றடித் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகும். நல்ல வழக்கம். ஆனால் அந்த வாய்க்காலில் காலையில் இருந்து நிற்காமல் தண்ணீர் ஓடியும், வாழையடியில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை.

"அம்மம்மா, இதிலை முந்தி என்ன இருந்தது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது பழைய கக்கூஸ் எல்லோ. தொண்ணூற்றஞ்சிலை எழும்பிப் போனது. திரும்பி வரேக்கை கூரையுமில்லை, கதவுமில்லை. பின்னுக்குப் புதுசு கட்டினம். இதை மண் போட்டு மூடி வாழை வைச்சம்."

1995 ஐப்பசியில் போருக்குப் பயந்து வலிகாமமே ஒரே இரவில் எழும்பிப் போனது. திரும்பி வந்தவர்கள் இடிந்ததை மூடி, இருந்ததைத் திருத்தி, சீவியத்தைத் தொடங்கினார்கள். அப்படி மூடிய குழிகள் எத்தனை வளவுகளில் இருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு பாரமாகிறது. இந்தக் குழி கல்லில் வெட்டியது. மேலே போட்ட மண் காலப்போக்கில் அரித்து இறங்கிவிட்டது. பழைய மலத்தில் இத்தனை வருடத்துக்குப் பிறகு உயிரோடு ஒரு நோய்க்கிருமியும் இருக்காது. பிரச்சினை பழைய மலமில்லை. துவைகல்லில் தினமும் தோய்ப்பது குழந்தையின் துணிகள்.

வாய்க்காலில் சாயத்தை ஊற்றினோம், பின்னேரம் ஐந்து மணி. அடுத்த நாள் விடிய வாளித் தண்ணீரில் விளக்கை அடித்தபோது, மாம்பிஞ்சு நிறத்தில் மினுங்கியது. மகள் வாயில் கையை வைத்தபடி நின்றார். ஒருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சுற்று இப்படி ஓடியிருக்கிறது. பையனுக்கு வந்தது குழந்தைக்குத் தொற்றியது. குழந்தையின் துணி துவைகல்லுக்கு, துவைத்த தண்ணீர் வாழையடிக்கு, அங்கிருந்து கல்வெடிப்பால் கிணற்றுக்கு. கிணற்றிலிருந்து தாங்கி, குழாய், சிரட்டை, திரும்பப் பையன். மாரியில் நீர்மட்டம் ஏறியதும் குழியின் அடிக்கும் கிணற்று நீருக்கும் இடையில் தூரமே இல்லாமல் போய்விட்டது. கோடையில் இதே வாய்க்கால் ஓடியும் ஒருவருக்கும் ஒன்றும் வராததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். முதல் கிருமியைப் பையன் எங்கிருந்து கொண்டுவந்தான் என்பது இந்த ஆய்வில் அகப்படவில்லை. பள்ளிக்கூடமாகவும் இருக்கலாம், கடைத் தின்பண்டமாகவும் இருக்கலாம்.

மகளுக்கு வராத காரணமும் தெளிந்தது. அவர் குடிப்பது தேத்தண்ணியும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற கொதித்தாறின தண்ணீரும்.

கொதிக்க வைத்தும் போகாதது

கிணற்றை ஒருமுறை பார்க்கப் போனால் நைத்திரேற்றுத் தாளையும் தோய்க்காமல் நான் வருவதில்லை. இலங்கையிலும் உலக சுகாதார நிறுவனத்திடமும் குடிநீருக்கான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்தக் கிணற்றில் தாளின் நிறம் 50க்கும் 100க்கும் நடுவில் நின்றது. செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள கிணற்றில் இது எனக்கு வியப்பில்லை. வியப்பாக இருந்தது அடுத்ததுதான். கிணற்றில் கிருமி என்று சொன்ன நாளிலிருந்து குழந்தையின் மாப்பாலுக்குத் தண்ணீரை வழமையைவிடக் கூடுதல் நேரம் கொதிக்க வைத்திருக்கிறார்கள்.

கிருமிக்கு அது சரியான மருந்து. நைத்திரேற்று கொதியில் போகாது, தண்ணீர் ஆவியாகிற அளவுக்குச் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, போத்தல் பால் குடிக்கிற குழந்தையின் இரைப்பையில் அமிலம் குறைவு. அங்கே பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்று ஆக்கிவிடும். அது இரத்தத்தில் ஒட்சிசன் காவுகிற நிறப்பொருளை வேலை செய்யாமல் ஆக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். வயிற்றோட்டம் உள்ள குழந்தைக்கு ஆபத்து இன்னும் கூட. இந்தக் குழந்தைக்கு நீலம் எதுவும் வரவில்லை, ஆனால் அன்றைக்கே மாப்பாலுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரை நிறுத்தச் சொன்னேன். பிரதேச சபைப் பவுசர் வண்டியில் வருகிற தண்ணீர், இயலுமானவரை தாய்ப்பால். தாய் குடிக்கிற நைத்திரேற்று தாய்ப்பாலுக்குப் பெரிதாகப் போவதில்லை.

மருமகனுக்கு இதை விளங்கப்படுத்துவதுதான் கடினமாக இருந்தது. கோபப்பட்டார். "நாங்கள் யூரியா போடாட்டி வெங்காயம் எங்கை முளைக்கும்?" அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தோட்டத்துக்குப் போய் நின்றே பேசினோம்.

யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். மண்ணில் விழுந்ததும் பற்றீரியாவின் நொதியம் அதை அமோனியா ஆக்கும். நைத்திரோசோமோனாஸ் போன்றவை அதை நைத்திரைற்று ஆக்கும், நைத்திரோபக்டர் போன்றவை நைத்திரேற்று ஆக்கும். 1890ஐ ஒட்டி ரஷ்ய நுண்ணங்கியியலாளர் வினோகிராட்ஸ்கி இந்த இரண்டு கட்ட வேலையைப் பிரித்துக் காட்டினார். இரண்டையும் ஒரே பற்றீரியா தனியாகச் செய்வதும் உண்டு என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். நம்முடைய செம்மண் சூடானது, காற்றோட்டமானது, இந்தப் பற்றீரியாக்களுக்கு வாய்த்த வீடு. ஆனால் நைத்திரேற்று எதிரேற்றம் உள்ளது, களி அதைப் பிடித்து வைக்காது. அடுத்த இறைப்பிலேயே வேரைத் தாண்டிக் கீழே போய்விடும்.

அதைத் திரும்ப நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்புகிற பற்றீரியாக்களும் கீழே இருக்கின்றன. அவர்களுக்கு இரண்டு தேவை: ஒட்சிசன் இல்லாத இடம், தின்னக் காபன். சுண்ணாம்புக்கல்லுக்குள் காபன் உணவு மிகக் குறைவு. வேலைக்காரர் இருந்தும் சோறில்லை. அதனால் நைத்திரேற்று வருடாவருடம் சேர்கிறது.

மருமகன் மண்ணைக் காலால் கிளறியபடி நின்றார். பிறகு, "அப்பா புகையிலைக்குக் குழை தாட்டவர்" என்றார். பூவரசங்குழை, பனையோலை எல்லாம் வெட்டி நிலத்துக்குள் தாட்பது யாழ்ப்பாணத்துப் பழைய வேலை. அதற்குள் உள்ள கணக்கு அழகானது. பனையோலையில் காபன் மிகக் கூட, நைதரசன் குறைவு. அதைத் தின்ன வருகிற நுண்ணங்கிகள் தங்கள் உடம்பைக் கட்ட மண்ணிலுள்ள நைதரசனைப் பிடித்துக்கொள்ளும். ஓலை உக்கி முடியும்போது மெதுவாக விடும். உரத்தைப் பிடித்து வைக்கிற களஞ்சியம் அது. பச்சைக் குழையில் நைதரசன் கூட, அது சீக்கிரம் பயிருக்குக் கொடுக்கும். இரண்டையும் சேர்த்துத் தாட்டவர்கள் ஆய்வுகூடம் கண்டவர்கள் இல்லை.

என்ன செய்தோம்

முதலில் வாய்க்காலை மறித்தோம். வாழையை வெட்ட அம்மம்மா விடவில்லை. குழியைக் களியும் செம்மண்ணும் இறுக்கி மூடி, துவைகல்லுத் தண்ணீரைக் குழாய் போட்டு வளவின் மறுகோடிக்குக் கொண்டுபோனோம். அங்கே முழங்கால் ஆழத்துக்கு ஒரு பாத்தி, அடியில் பொலித்தீன், மேலே பொச்சுத் துண்டும் சல்லியும், நடுவில் மணிவாழை. பொச்சு மெதுவாக உக்கிக் காபன் கொடுக்கும். சல்லியில் வழுவழுப்பாகப் படிகிற நுண்ணங்கிப் படலம்தான் அந்தப் பாத்தியின் உண்மையான வேலையாள். குழந்தையின் துணியை முதலில் கொதிநீரில் போட்டு எடுத்து, பிறகு தோய்க்கச் சொன்னோம்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து கிணற்றுக்குக் குளோரீன் போட்டார். தாங்கியையும் கழுவினோம். இந்தக் கல்லில் கிணற்றுக் குளோரீன் நிரந்தரத் தீர்வில்லை, சில நாளில் புதுத் தண்ணீர் வந்து கலந்துவிடும். இடைப்பட்ட காலத்துக்கு அது போதும். மூன்றாம் நாள் அம்மம்மாவிடமிருந்து அழைப்பு. "பிள்ளை, தோசைக்கு மா பொங்கேல்லை. உழுந்து நல்ல உழுந்துதான்." குழாய்த் தண்ணீரில் நேரே ஊற வைத்து அரைத்திருக்கிறார். கிணற்றுக் கிருமியைக் கொன்ற குளோரீன் உழுந்தோடு வருகிற லியூகோநொஸ்டொக்கையும் பார்த்துப் பாவம் பண்ணாது. கொதித்தாறின தண்ணீரில் அரைக்கச் சொன்னேன். அடுத்த நாள் மா சட்டியை விட்டு வழிந்ததாம்.

பொச்சை வைத்து இன்னொன்றும் செய்து பார்த்தேன், என் ஆசைக்கு. ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாயில் பொச்சுத் துண்டை நிறைத்து, கிணற்றுத் தண்ணீரை அடியால் மிக மெதுவாக ஏற விட்டேன். முதல் இரண்டு கிழமை தேத்தண்ணி நிறத்தில்தான் வந்தது. மூன்றாம் கிழமை நைத்திரேற்றுத் தாள் நன்றாக வெளிறியது. ஓட்டத்தை இன்னும் குறைத்தபோது முட்டை அழுகின மணம் வந்தது. நைத்திரேற்று தீர்ந்ததும் சல்பேற்றைப் பிடிக்கிற கூட்டம் எழும்பிவிட்டது என்று அர்த்தம். ஓட்டத்தைக் கூட்டியதும் மணம் போனது. குடிக்க இந்தத் தண்ணீர் ஆகாது. ஆனால் கூடிய நைத்திரேற்று உள்ள வடிகால் கிணற்றுப் பக்கம் போகுமுன் இப்படி ஒரு பொச்சுக் குழியைத் தாண்டிப் போனால் எவ்வளவு நன்மை என்பதை அந்தப் பீப்பாயின் பக்கத்தில் குந்தியிருந்து மருமகனும் பார்த்தார்.

இந்தப் போகம் அவர் தோட்டத்தில் பாதிக்குப் பனையோலையும் பூவரசங்குழையும் தாட்டிருக்கிறார். யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் மூன்றாகப் பிரித்திருக்கிறார். கிணற்று நைத்திரேற்று இறங்கவில்லை. ஒரு தோட்டம் மாறினால் இறங்காது, சுற்றிவர உள்ள அத்தனை தோட்டத் தண்ணீரும் ஒரே வில்லைக்குள்தான் போகிறது. குழந்தைக்கு இப்போதும் பவுசர் தண்ணீர்தான்.

வயிற்றோட்டம் வாய்க்காலை மாற்றிய பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. பானை அடுப்படி மூலைக்கு வந்துவிட்டது. பழஞ்சோற்றில் ஊறி இறுகிய மாப்பொருளில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும். அங்குள்ள பற்றீரியாக்கள் அதைத் தின்று பியூற்றிரேற்று என்ற கொழுப்பமிலத்தை விடும். குடற்சுவர்க் கலங்களுக்கு முதன்மையான எரிபொருள் அதுதான். அன்டிபயோட்டிக்கில் அடிவாங்கிய ஒரு குடலுக்கு அந்தச் சோறு திரும்பக் கிடைப்பதில் எனக்குச் சந்தோசம். பையனுக்குப் புளித்தால் கேத்தல் தண்ணீர்.

அம்மம்மாவிடம் ஐதரசன் சல்பைட்டுப் போத்தல் கொஞ்சம் கொடுத்திருக்கிறேன். மழை பெய்து ஓய்ந்தால் ஒன்றில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருட்டில் வைப்பார். மறுநாள் பின்னேரம் என் தொலைபேசி அடிக்கும். போன கிழமையும் அடித்தது.

"கறுக்கேல்லைப் பிள்ளை. நேற்று வைச்ச மாதிரியே கிடக்கு. இன்னும் ஒரு நாள் வைச்சுப் பாக்கட்டோ?"

வைத்துப் பாருங்கோ என்றேன்.